புல எண் 1/3.20

வெள்ளிங்கிரி வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் பொன்னரளி அறக்கட்டளை மருத்துவமனைக்குப் பதினோரு வழக்குகள் இருந்தன. எல்லாம் நில வழக்கு. பீளமேட்டிலிருந்து சூலூர் போகிற வழியில் பன்னிரண்டு ஏக்கரில் இருக்கிற அந்த மருத்துவமனையின் முன்வாசலை ஒரு பங்காளி கேட்டார், பின்வாசலை இன்னொரு பங்காளி கேட்டார். பிணவறையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஓய்வுபெற்ற தாசில்தாரான வெள்ளிங்கிரியை நிர்வாக அலுவலர் என்று கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மனுஷன் கில்லாடி. மூன்றே வருடத்தில் பதினோரு வழக்கையும் முடித்துக் கையில் கொடுத்தார். அறங்காவலர் குழு பூரித்துப்போய் ஒரு தீர்மானம் போட்டது: "இனி இவ்வளாகத்தில் எதை உட்பிரிவு செய்வதானாலும் நிர்வாக அலுவலரின் எழுத்துப்பூர்வ உத்தரவு பெற வேண்டும்." நிலத்தை என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் தீர்ந்தது. போடவில்லை. அதற்குப் பிறகு பொது வார்டில் இரண்டு கட்டிலுக்கு நடுவே திரை கட்டுவதற்குக்கூட அவர் டேப்போடு வந்து நின்றார். டேப்பின் மறுமுனையை நோயாளி பிடித்துக்கொண்டார்.

இல்யாஸுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. கோட்டைமேட்டுக்காரன். மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கம்பியோடும் சுவிட்சோடும் பேசத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு அலுவலகத்தோடு பேசத் தெரியாது.

அவனை நிம்மதியாக உட்காரவிடாமல் செய்தது இரண்டாம் மாடி. அங்கே குறைமாதக் குழந்தைகளின் வார்டு. மூன்று கண்ணாடி அறை, ஒன்பது கட்டில், ஒரு வேளைக்கு இரண்டே செவிலியர். குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. தூங்கும்போது மூச்சுவிட மறந்துவிடும். உள்ளங்காலைத் தேய்த்தாலோ முதுகைத் தடவினாலோ ஞாபகம் வந்து மறுபடி விடும். யாராவது உடனே போய்த் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் கட்டிலுக்கு ஒரு மானிட்டர். அது அறைக்குள் போடுகிற சத்தம் கண்ணாடியைத் தாண்டி வெளியே கேட்காது. ஆகவே அது கம்பி வழியாகத் தரைத்தளத்து சர்வருக்குச் சொல்லும், சர்வர் செவிலியர் மேசையில் மணி அடிக்கும்.

இதற்கு நடுவில் ஃபயர்வால் இருந்தது. போவதையும் வருவதையும் சோதித்து அனுப்புகிற பெட்டி. அதில் 1/3 என்ற ஒரே போர்ட் வழியாகத்தான் பில், கேமரா, வந்துபோகிறவர்களுக்கான இலவச வைஃபை, குழந்தைகளின் மூச்சு எல்லாம் ஒட்டுக்காகப் போய்வந்தன. மற்ற நேரத்தில் ஒன்றும் தெரியாது. மாலை ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம் வந்ததும் நானூறு பேர் உள்ளே வந்து, நோயாளியை ஐந்து நிமிடமும் ஃபோனை ஐம்பத்தைந்து நிமிடமும் பார்ப்பார்கள். அப்போது மணி பிந்தும். ஒரு புதன்கிழமை நாற்பது விநாடி பிந்தியது.

சரிசெய்வது சுலபம். அதே போர்ட்டுக்குள், அதே கம்பியில், பெட்டியின் கணக்கில் மட்டும் தனியாக ஒரு பாதையைப் பிரிக்கலாம். சப்-இன்டர்ஃபேஸ் என்பார்கள். அதற்கு இருபது என்று எண் கொடுத்தால் பெயர் 1/3.20. அந்த எண்ணோடு வருகிற மூச்சுக்கு முதல் வழி, வீடியோ பின்னால் வரட்டும். சுவிட்ச் பக்க வேலையை இல்யாஸ் முடித்துவிட்டான். மிச்சம் இருந்தது பெட்டியில் ஐந்து நிமிடத் தட்டச்சு. பெட்டியில் கை வைக்கும் முன் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவனும் யோக்கியமாக எழுதிக் கொடுத்தான்: "1/3-இல் 1/3.20 என்று தனியாகப் பிரிக்க அனுமதி வேண்டும்." மறுநாளே வெள்ளிங்கிரி கூப்பிட்டு அனுப்பினார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?" கொங்கு நாட்டில் ஒருத்தர் தலையை எடுப்பதாக இருந்தாலும் முதலில் டீ கொடுத்துவிடுவார்கள். "இந்த 1/3 யார் பேர்ல இருக்குதுங்க?"

"பேர்லன்னா... அது போர்ட்டுங்க சார்."

"போர்ட்டோ புஞ்சையோ. யார் பேர்ல?"

"ஆஸ்பத்திரி பேர்லதானுங்க சார். எல்லாரும் அது வழியாத்தான் போறாங்க."

"அப்ப கூட்டுப் பட்டா." எழுதிக்கொண்டார். "கூட்டுப் பட்டாவுல ஒருத்தருக்குத் தனியாப் பிரிக்கோணும்னா மத்தவிங்க ஒப்புதல் வேணுமுங்க. அப்பறம் முப்பது வருசத்துக்கு வில்லங்கச் சான்று."

"சார், பொட்டி வாங்கியே நாலு வருசம்தானுங்க ஆகுது."

"அதுக்கு முந்தின இருவத்தாறு வருசம் யாரு அனுபவிச்சாங்க?"

இல்யாஸ் யோசித்துப் பார்த்தான். "தெரியலீங்க சார்."

"அதுக்குப் பேருதான் வில்லங்கம்." வெள்ளிங்கிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் முப்பத்திமூணு வருசம் சர்வீஸுங்க தம்பி. ஒரு கையெழுத்து அவசரத்துல போட்டதில்ல. ஒருக்கா ஆத்துல வெள்ளம் வந்து நாப்பது ஊடு போயிருச்சு. வெள்ளத்துல போச்சுன்னு சர்டிபிகேட்டு குடுங்கன்னாங்க. கேட்ட ஒடனே குடுத்தனா? ஆறு மாசம் கழிச்சு நானே நேர்ல போய் நின்னு பாத்தேன். ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்க. வெள்ளம்னு எப்பிடி எழுதறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?"

இல்யாஸ் குழந்தைகளைப் பற்றிச் சொன்னான். மணி பிந்துவதைச் சொன்னான். வெள்ளிங்கிரி மிகுந்த இரக்கத்தோடு கேட்டார். கேட்டுவிட்டு, வியாழக்கிழமை ஸ்தல ஆய்வு என்று குறித்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை அவர் சர்வர் அறைக்குக் கழுத்தில் மப்ளரோடு வந்தார். பின்னால் காவலாளி கருப்புசாமி, கையில் டேப்பும் சிவப்பு பெயின்ட் டப்பாவும். பெட்டியின் முன்னால் நின்று, "நாலெல்லை சொல்லுங்க" என்றார் வெள்ளிங்கிரி.

வடக்கு எது என்று இல்யாஸுக்குத் தெரியவில்லை. கருப்புசாமி ஃபோனில் திசை பார்த்துச் சொன்னார். வடக்கே 1/4, தெற்கே 1/2, கிழக்கே கம்பிக் கட்டு.

"மேக்கே?"

"மேக்கே வெறுங்காத்துதானுங்க சார்."

"வெறுங்காத்துன்னு எழுத முடியாது. சர்க்கார் காத்துன்னு போடுங்க."

டேப்பை வைத்து அளந்தார்கள். போர்ட் ஒன்றே கால் சென்டிமீட்டர் அகலம் இருந்தது. வெள்ளிங்கிரிக்கு முகம் சுருங்கிப்போனது. "இதுல இருவதாவது பங்குன்னா என்னத்துக்குங்க ஆகும்? ஒரு ஆட்டுக்குட்டி நிக்காது. செரி, அத்துக் கல்லு எங்க நடறது?"

"கல்லெல்லாம் வேண்டாமுங்க சார். பிரிவு கணக்குலதான். கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத பிரிவு நாளைக்குக் கோர்ட்டுல போய்த்தான் நிக்கும்." பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "இதென்ன, கம்பியே இல்லாம ஒண்ணு இருக்குது?"

"அது லூப்பேக்குங்க. பொட்டி தனக்குத்தானே வெச்சுக்கற விலாசம்."

"எடம் இல்ல, அனுபவம் இல்ல, பேரு மட்டும் இருக்குது." பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "பினாமி." அதற்குத் தனிக் கோப்பு தொடங்கப்பட்டது.

அடுத்தது ஆட்சேபணைக் காலம், பதினைந்து நாள். அறிவிப்பை ரேக்கின் கதவில் ஒட்டினார்கள். விதிப்படி தண்டோராவும் போட வேண்டும். ஆனால் மருத்துவமனை அமைதிப் பகுதி. ஆகவே கருப்புசாமி ஒரு சாப்பாட்டுத் தட்டை இரண்டு விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டு, "இதனால் சகலருக்கும்..." என்று காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே நான்கு மாடியும் ஏறி இறங்கினார். ஏதோ மனக்கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு அம்மாள் அவருக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

விசாரணை நாளில் கணக்குப் பிரிவு மேலாளர் சசிதர் ஆட்சேபணை மனுவோடு வந்து உட்கார்ந்தார். ஃபயர்வால் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆனால் பிரிக்கிறார்கள் என்றால் நமக்குக் குறைகிறது என்பது தெரியும்.

"எங்க பில்லு நாலு வருசமா இதே வழியிலதானுங்க போகுது. நடுவுல வேலி போட்டா நாங்க எக்கட்டால போறது?"

"வேலியே கெடையாதுங்க சார்" என்றான் இல்யாஸ். "அதே கம்பிதானுங்க. குழந்தைங்க மூச்சு மட்டும் முன்னால போகும்."

"பாத்தீங்களா, முன்னால போகுமாம்!" என்றார் சசிதர்.

வெள்ளிங்கிரி கையை உயர்த்தி இருவரையும் அமர்த்தினார். 'வழிநடைப் பாத்தியதை கோருகிறார்' என்று எழுதிக்கொண்டார். "இந்த வைஃபை யார் பேர்லீங்க?"

"யார் பேர்லயும் இல்லீங்க சார். வர்றவிங்க போறவிங்க எல்லாத்துக்கும்."

"அப்ப புறம்போக்கு." அன்று முழுக்க அவர் முகத்தில் தெளிவு வந்தது அந்த ஒரு இடத்தில்தான். சசிதர் வக்கீலைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி இரண்டு வாரம் வாய்தா வாங்கினார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு இல்யாஸ் தன் பொறுப்பில் வைஃபையை நிறுத்திப் பார்த்தான். மணி பிந்தாமல் அடித்தது. மறுநாள் காலையில் அவன் மேசையில் ஒரு குறிப்பாணை கிடந்தது: "பொதுமக்கள் உபயோகத்திலுள்ள புறம்போக்குப் பாதையை மறித்தது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்." வைஃபையைத் திறந்துவிட்டுத்தான் அவன் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. மருத்துவக் கண்காணிப்பாளரிடம் போய் முறையிட்டான். "தம்பி, அது நிர்வாகம். நான் வைத்தியம்" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமி எந்தப் பக்கம் இருந்தது என்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு வார்டிலிருந்து செவிலியர் சண்முகப்ரியா கூப்பிட்டாள். எப்போதும் சிரித்துப் பேசுகிறவள். அன்று குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"இல்யாஸண்ணா, மூணாம் கட்டில். பிரவீனாவோட பையன். தொண்ணூத்திநாலு விநாடி கழிச்சு மணி அடிக்குது. நான் பஞ்சு எடுக்கலாம்னு சும்மா உள்ள போனேன். போனதுனால பாத்தேன். நீலமாக் கெடக்கறான். தேய்ச்சு, முதுகத் தட்டி... வந்துருச்சுண்ணா. வந்து, நான் தூக்கி நிறுத்தி, ரெண்டு தடவ அழுதும் போட்டான். அதுக்கப்பறம் அடிக்குதுண்ணா அந்த மணி."

"இப்ப எப்பிடி இருக்கறான்?"

"இருக்கறான். ஆனா இன்னும் ஒரு மணி நேரம் ஜனம் உள்ள இருக்கும். நாங்க ரெண்டு பேர், ஒம்பது கட்டில். நான் எந்த ரூம்ல நிக்கறது, சொல்லுங்க?"

இல்யாஸ் ஃபோனை வைத்தான். வேலை போனால் போகட்டும் என்று நினைக்கிற வீரமெல்லாம் அவனிடம் கிடையாது. வேலை போய்விடுமே என்று பயந்தபடியேதான் சர்வர் அறைக் கதவைத் திறந்தான்.

1/3-ஐத் தேர்ந்தெடுத்தான். அதன் கீழே புதியது ஒன்று. எண் இருபது. விலாசம் கொடுத்தான், ஒவ்வொரு இலக்கத்தையும் விரலை வைத்துச் சரிபார்த்தான். குழந்தைகள் வார்டு என்று தனி வட்டாரம், மூச்சுக்கு முதல் வழி என்று ஒரு விதி. ஒரு இலக்கம் தவறினாலும் 1/3 முழுவதும் படுத்துவிடும். அப்புறம் பிந்தி அடிக்கிற மணியும் அடிக்காது. மறுபடி முதலிலிருந்து பார்த்தான். பிறகு 'செயல்படுத்து' என்பதை அழுத்தினான்.

திரையில் சதவீதம் ஏறத் தொடங்கியது. இருபத்தேழு. ஐம்பத்தைந்து. எழுபதில் போய் நின்றுகொண்டது. அந்தப் பெட்டி எப்போதுமே எழுபதில் நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் 'யா அல்லா, நகரு' என்றான் வாய்விட்டு. எழுபத்தொன்று. தொண்ணூற்றொன்பது. முடிந்தது.

வார்டுக்கு ஃபோன் போட்டான். "சிஸ்டர், மூணாம் கட்டில்ல காலுல மாட்டியிருக்கற சென்சாரக் கழட்டுங்க."

"கழட்டிட்டேன்."

ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஃபோனுக்குள் மேசை மணி அலறியது. மூன்று வரவில்லை. சண்முகப்ரியா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சனிக்கிழமை காலை அவனுக்கு பி மெமோ வந்தது. அரசு நிலத்தில் குடிசை போட்டவர்களுக்குக் கொடுப்பார்களே, அதே நோட்டீஸ். "மேற்படி 1/3 எண்ணில் முறையான உத்தரவின்றி .20 என்ற பகுதியை ஆக்கிரமித்து, அதில் மூச்சு முதலியவற்றைச் சாகுபடி செய்து வருவதாகத் தெரியவருவதால், திங்கட்கிழமை பகல் பதினோரு மணிக்கு மேற்படி ஆக்கிரமிப்பு அகற்றப்படும்."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஒரு விநாடி முன்பின் இல்லாமல் வெள்ளிங்கிரி வந்தார். சாட்சிக்கு சசிதர். கருப்புசாமியின் கையில் ஒரு கட்டிங் பிளேயர். கம்பியை வெட்டினால் ஆக்கிரமிப்பு போய்விடும் என்பது அவர்கள் முடிவு.

"சார், அந்தக் கம்பிய வெட்டினா எல்லாமே நின்னுரும்" என்று இல்யாஸ் ரேக்குக்குக் குறுக்கே நின்றான். "உங்க காலுல வேணா உழுகறேனுங்க. நான் இன்னைக்கே வேலைய உட்டுப் போறேன். அது மட்டும் இருக்கட்டுங்க சார்."

"வேல வேற, ஆக்கிரமிப்பு வேறங்க தம்பி. ரெண்டையும் கொழப்பிக்கக் கூடாது." அவர் குரலில் கோபமே இல்லை.

அந்த நேரத்தில் சண்முகப்ரியா மாடியிலிருந்து ஓடிவந்தாள். அவள் அப்பா வாய்க்கால் ஓரத்தில் குடிசை போட்டு மூன்று தடவை பி மெமோ வாங்கியவர். அவள் கேட்டாள், "ஏனுங்க சார், குடியிருக்கறவிங்களுக்கு நோட்டீஸ் குடுத்தீங்களா?"

வெள்ளிங்கிரி அப்படியே நின்றுவிட்டார்.

"ஆக்கிரமிச்சவருக்கு மட்டும் குடுத்தாப் பத்தாதுங்களே. உள்ள குடியிருக்கறவருக்கும் கையில குடுத்துக் கையெழுத்து வாங்கோணும். எங்கூட்டுக்கு அப்பிடித்தான் வந்தாங்க."

முப்பத்திமூன்று வருட சர்வீஸில் நடைமுறைப் பிழை என்று ஒன்று அவர் கோப்பில் இருந்ததில்லை. நெற்றியில் குப்பென்று வேர்த்தது. "செரியான கேள்விங்க அம்மணி. கருப்புசாமி, கட்டிங் பிளேயர கீழ வைங்க. குடியிருக்கறவரு எங்கீங்க?"

வார்டு வாசலில் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு வெள்ளிங்கிரி முதல் கண்ணாடி அறைக்குள் போனார். மூன்றாம் கட்டிலில் குடியிருப்பவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆயிரத்து நானூறு கிராம். பக்கத்தில் அவன் அம்மா பிரவீனா, சூலூரில் விசைத்தறி வைத்திருக்கிற வீட்டு மருமகள், எழுந்து நின்றாள். அட்டையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பிரவீனாவின் ஆண் குழந்தை' என்று எழுதியிருந்தது.

வெள்ளிங்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டு நோட்டீஸை வாசித்தார். "உத்தரவு ஏதுமின்றி 1/3.20-இல் குடியிருந்து வரும் தாங்கள்..." குடியிருப்பவர் ஒரு கொட்டாவி விட்டார். "ஆட்சேபணை இருந்தால் இப்போதே தெரிவிக்கலாம்." தெரிவிக்கவில்லை.

"கைநாட்டு வாங்கோணுங்களே" என்றார். பெருவிரல் ஒரு மிளகு அளவுதான் இருந்தது. பிறந்த குழந்தைகளுக்குப் பாத ரேகை எடுக்கிற மையை சண்முகப்ரியா எடுத்து வந்து, சென்சார் இல்லாத காலைத் தூக்கி, நோட்டீஸின் ஓரத்தில் மெல்ல ஒற்றினாள்.

அப்போது வெளியே மேசை மணி அடித்தது. மேசையில் இருந்த இன்னொரு செவிலி கதவைத் திறந்து, "ஏழாம் கட்டில்!" என்று கத்தினாள். சண்முகப்ரியா மையையும் நோட்டீஸையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கண்ணாடிக்கு அப்பால் எல்லாருக்கும் தெரிந்தது. ஏழாம் கட்டிலில் ஒரு பெண் குழந்தை, உதடு கறுத்து, கை கால் தொங்கிப்போய். சண்முகப்ரியா அதன் உள்ளங்காலைத் தேய்த்தாள். முதுகைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். பிரவீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கருப்புசாமி ஏதோ சாமி பெயரைச் சொன்னார். பிறகு அந்தக் குழந்தையின் மார்பு ஏறி இறங்கியது. உதட்டில் சிவப்பு வந்தது.

சண்முகப்ரியா திரும்பி வர ஐந்து நிமிடம் ஆனது.

"இந்தப் பக்கம் நின்னுட்டு இருந்தீங்க" என்றார் வெள்ளிங்கிரி. "அந்த ரூம்ல நடக்கறது எப்பிடீங்க அம்மணி தெரிஞ்சுது?"

"நீங்க வெட்ட வந்ததுதானுங்க சொல்லுச்சு."

வெள்ளிங்கிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பச்சை அங்கியில் துடைத்தது சரியாகத் துடைபடவில்லை. "எம் மனசும் கல்லு இல்லீங்க" என்றார். "எனக்கும் பேரன் பேத்தி இருக்குதுங்க. இப்பிடி உசுரோட குடியிருக்கறவிங்களக் காலி பண்ணி வீதியில உடற ஆளு நான் இல்ல. சட்டத்துலயே எடம் இருக்குது. வரன்முறைப்படுத்தி, குடியிருக்கறவர் பேர்லயே பட்டா குடுத்தர்றேன்."

இல்யாஸுக்கு உயிர் வந்தது. "ஒம்பது குழந்தைக்குமாங்க சார்?"

"நோட்டீஸு வாங்கி ரேகை வெச்சது மூணாம் கட்டில்காரருதானுங்களே. மத்தவிங்க மனுவே குடுக்கல. அவிங்க அவரை அண்டி இருந்துக்கட்டும், நான் வேண்டாங்கல." அன்று மாலையே பட்டா வந்தது. முத்திரை, தேதி, நாலெல்லை, சர்க்கார் காற்று எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரியில், 'பட்டாதாரர் நேரடி அனுபவத்தில் இருக்கும் வரை மட்டும்' என்று இருந்தது. சந்தோஷத்தில் அந்த வரியை யாரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு இருபத்திரண்டு நாளில் அந்தப் பாதை வழியாக முப்பத்தெட்டு தடவை மணி அடித்தது. முப்பத்தெட்டு தடவையும் யாராவது ஓடிப் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாம் கட்டில்காரன் மூச்சுவிட மறப்பதையே மறந்துவிட்டான். ஒரு கிலோ தொள்ளாயிரம் ஆனான். பத்து நாள் தொடர்ந்து ஒரு மணிகூட அவனுக்காக அடிக்காததால், வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

பிரவீனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாற்பத்தேழு நாள் மருத்துவமனைச் சுவரைப் பார்த்துக் கிடந்தவள். துணிமணியை மூன்று தடவை மடித்து மூன்று தடவை பைக்குள் வைத்தாள். கணவன் மனோஜ்குமார் கீழே வாடகைக் காரோடு வந்து நின்றான். சூலூர் வீட்டில் ஒறம்பறை எல்லாம் கூடி, வாசலில் ஆலாத்தி கரைத்து வைத்திருப்பதாக ஃபோன் மேல் ஃபோன் வந்தது.

மாலை நான்கரைக்கு வெள்ளிங்கிரி வார்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு படிவமும் ஒரு டப்பா மைசூர்பாகும். மைசூர்பாகை பிரவீனாவிடம் கொடுத்தார். "ரொம்ப சந்தோசமுங்க அம்மணி. பையன் நல்லா இருக்கோணும்." படிவத்தை இல்யாஸிடம் கொடுத்தார். "பட்டாதாரர் காலி பண்றாரு. அஞ்சு மணிக்கு அந்த .20-ஐ எடுத்துருங்க தம்பி."

"சார்! உள்ள இன்னும் எட்டுப் பேரு இருக்கறாங்க!"

"இருக்கட்டுங்க, யாரு வேண்டாம்னாங்க? மனு குடுக்கச் சொல்லுங்க. பதினஞ்சு நாள் ஆட்சேபணைக் காலம். ஒருத்தரும் ஆட்சேபிக்கலீன்னா பதினாறாம் நாள் நானே கையெழுத்துப் போடறேன். அனுபவம் இல்லாத பட்டாவ நான் உசுரோட வெச்சிருந்தா நாளைக்கு என்னையத்தானுங்களே கேப்பாங்க?"

இல்யாஸ் கெஞ்சினான். கத்தினான். அந்த வராந்தாவில் அதுவரை யாரும் கத்தியதில்லை. வெள்ளிங்கிரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். நீங்கள் எடுக்காவிட்டால் கருப்புசாமி கட்டிங் பிளேயரோடு வருவார் என்பதை மட்டும், மனசு நோகாதபடி, இரண்டு தடவை 'ங்க' போட்டுச் சொன்னார்.

பிரவீனா குழந்தையைத் தோளில் போட்டபடி சண்முகப்ரியாவைப் பார்த்தாள். "அக்கா, நாங்க போய்ட்டா மணி அடிக்காதுங்களா?"

சண்முகப்ரியா கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு அப்பால் ஏழாம் கட்டிலின் அம்மா, ஐந்தாம் கட்டிலின் அம்மா, இன்னும் இரண்டு பேர் இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு எதுவும் காதில் விழவில்லை. பிரவீனா கிளம்புகிறாள் என்று நினைத்து ஒருத்தி சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.

பிரவீனா பையைக் கீழே வைத்தாள். ஃபோனை எடுத்தாள்.

"ஏனுங்க, நீங்க ஊட்டுக்குப் போங்க. நாங்க இன்னும் பதினஞ்சு நாள் கழிச்சு வாரோம்... இல்லீங்க, பையனுக்கு ஒண்ணும் ஆகலீங்க. நல்லாத்தான் இருக்கறான்... அழுகலீங்க, நான் ஒண்ணும் அழுகல. ஆலாத்திய ஊத்திரச் சொல்லுங்க."

"அம்மணி, டாக்டர் அனுப்பிச்சாச்சுங்களே" என்றார் வெள்ளிங்கிரி.

"டாக்டர் அனுப்புனாருங்க. பட்டாதாரர் போகலீங்க. கட்டில் வேற யாருக்காச்சும் வேணும்னா குடுத்துருங்க, நாங்க இந்த நாற்காலியில இருந்துக்கறோம். பட்டா கட்டிலுக்கு இல்லீங்களே, மூச்சு போற அந்த வழிக்குத்தானுங்களே."

வெள்ளிங்கிரி படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பட்டாதாரரை அவருடைய சொந்த அனுபவத்திலிருந்து வெளியேற்ற எந்த விதியும் இல்லை. அவரைவிட அது யாருக்கு நன்றாகத் தெரியும்? கருப்புசாமியிடம் பேனா வாங்கி, 'பட்டாதாரர் காலி செய்ய மறுத்துவிட்டார். கோப்பு நிலுவையில்' என்று எழுதி, மணி பார்த்துத் தேதியிட்டுவிட்டுப் படி இறங்கிப் போனார்.

இல்யாஸ் செவிலியர் மேசையிலேயே உட்கார்ந்து மனு எழுத ஆரம்பித்தான். எட்டு மனு. இன்றைய தேதியே இருந்தால் ஒரு நாள் மிச்சம். கீழே வாடகைக் கார் திரும்புகிற சத்தம் கேட்டது. பார்வையாளர் நேரம் தொடங்கி ஜனம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

பிரவீனா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் படுக்க வைத்தாள். காலையில் கழற்றிய சென்சாரைக் கேட்டு வாங்கி, புதுக் காலுறையை உருவிவிட்டு, அவன் பாதத்தில் தானே சுற்றிக் கட்டினாள்.